ஒரு தாடை எலும்பின் கதை – மெகலோசாரஸ்

டைனோசர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1993-ல் வெளிவந்த 'ஜூராசிக் பார்க்' திரைப்படம்தான். கொட்டும் மழையில் கர்ஜித்துக்கொண்டு வரும் டி-ரெக்ஸை அவ்வளவு எளிதில் யாரும் மறக்க முடியாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த டி-ரெக்ஸ் ஜூராசிக் காலத்து விலங்கே கிடையாது! அது அதற்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்து அழிந்தது.

அப்படியானால் உண்மையான ஜூராசிக் காலத்தில் வேட்டையாடிய பெரிய மாமிச பட்சிணி எது? பல இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஒரு தனிப்பெருமை உண்டு. உலகில் முதன்முதலாக அறிவியல் முறைப்படி பெயர் சூட்டப்பட்ட டைனோசர் அதுதான். அதன் பெயர் மெகலோசாரஸ். கிரேக்க மொழியில் 'பெரும் பல்லி' என்று பொருள்.

சுமார் 16.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய இங்கிலாந்து இருக்கும் இடத்தில் அது வாழ்ந்தது. அதாவது மெகலோசாரஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் இடையே உள்ள கால இடைவெளி சுமார் 10 கோடி ஆண்டுகள். டி-ரெக்ஸுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள இடைவெளியைவிட இது அதிகம்!

இந்த விலங்கை மனிதன் புரிந்துகொண்ட கதை சுமார் 350 ஆண்டுகள் நீளமானது. அதில் பாதிக்கு மேல் தவறுகள்தான். ஆனால் அந்தத் தவறுகள்தான் கதையின் சுவாரசியமே...

ராட்சதனின் தொடை எலும்பு

கதை 1670-களில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் கார்ன்வெல் என்ற ஊரில் ஒரு பெரிய எலும்புத் துண்டு கிடைத்தது. கல்லாகவே மாறிவிட்ட எலும்பு. எடை கிட்டத்தட்ட 20 பவுண்டு. அது ராபர்ட் ப்ளாட் என்ற அறிஞரின் கைக்கு வந்தது. இவர் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் வேதியியல் பேராசிரியராகவும், ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளராகவும் ஆனவர்.

இது ஒரு தொடை எலும்பின் கீழ்முனை என்று ப்ளாட் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யாருடைய தொடை? குதிரை, மாடு எதற்கும் இவ்வளவு பெரிய எலும்பு கிடையாது. பழைய காலத்தில் ரோமானியர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த யானையாக இருக்குமோ என்று யோசித்தார். அந்த நேரத்தில், 1676-ல், ஒரு உயிருள்ள யானையைக் காட்சிக்காக ஆக்ஸ்ஃபோர்டுக்கே கொண்டு வந்தார்கள்! ப்ளாட் அந்த வாய்ப்பை விடவில்லை. யானையோடு எலும்பை ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை.

யானையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது? ராட்சத மனிதன்தான் என்று முடிவு கட்டினார். 1677-ல் வெளியான தனது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் இயற்கை வரலாற்று நூலில் எலும்பின் படத்தோடு அதை எழுதியும் வைத்தார்.

இன்று இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். உயிரினங்கள் முற்றிலும் அழிந்துபோக முடியும் என்ற எண்ணமே அன்று பரவியிருக்கவில்லை. இருக்கும் விலங்குகளோடு மட்டும்தான் ஒப்பிட முடியும். ப்ளாட் ஒப்பிட்ட முறை சரி. அவரிடம் இருந்த பட்டியலில்தான் அந்த விலங்கு இல்லை.

1763-ல் ரிச்சர்ட் புரூக்ஸ் என்பவர் அதே எலும்பின் படத்தைத் தன் நூலில் மறுபடியும் அச்சிட்டார். எலும்பின் முனையில் இருந்த இரண்டு உருண்டைகளைப் பார்த்து, அதற்கு 'மனித விதைப்பை' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார்!! அந்த எலும்பு இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படம் மட்டும்தான் மிச்சம். அந்தப் படத்தை வைத்து, அது மெகலோசாரஸ் அல்லது அதைப் போன்ற ஒரு விலங்கின் எலும்பாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கூரைக்குக் கல் வெட்டிய ஊர்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடமேற்கே ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்றொரு கிராமம். அங்கே பூமிக்கு அடியில் சுரங்கம் போட்டு ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்தார்கள். எதற்கு? வீட்டுக் கூரைக்கு ஓடு போல வேய்வதற்கு.

அந்தக் கல்லைப் பிளப்பதற்கு அவர்கள் கையாண்ட முறை அழகானது. வெட்டி எடுத்த கல்லைக் குளிர்காலம் முழுவதும் திறந்தவெளியில் போட்டுவிடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரியும்போது, கல் தானாகவே அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். அப்படிப் பிளக்கும்போது சில கற்களுக்குள் எலும்பும் பல்லும் எட்டிப் பார்த்தன.

ஜூராசிக் காலத்தில் அந்தப் பகுதி வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். ஆங்காங்கே தீவுகள். நிலத்தில் இறந்த விலங்குகளின் எலும்புகள் தண்ணீரில் அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லோடு கல்லாகிவிட்டன.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது கூடுதல் வருமானம். வித்தியாசமான கல் கிடைத்தால் ஆக்ஸ்ஃபோர்டு கனவான்களிடம் விற்பார்கள். 1797-ல் ஒரு தாடை எலும்பு அப்படி விலைபோனது. நீளமான கத்தி போன்ற பற்கள் அதில் அப்படியே நின்றிருந்தன. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் உடற்கூறியல் பள்ளிக்காக கிறிஸ்டோபர் பெக் என்ற மருத்துவர் அதை வாங்கினார். விலை 10 ஷில்லிங் 6 பென்ஸ்.

உலகின் முதல் டைனோசருக்கு ஆதாரமான எலும்பின் கொள்முதல் விலை இவ்வளவுதான்! வாங்கியவர் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. அதைக் கல்லிலிருந்து பிரித்து எடுத்த தொழிலாளியின் பெயர்தான் வரலாற்றில் இல்லை.

பக்லண்ட் வருகிறார்

வில்லியம் பக்லண்ட் (1784–1856) ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்தவர். கிறிஸ்தவ குருவும்கூட. விசித்திரமான மனிதர். உலகில் உள்ள விலங்குகளையெல்லாம் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை! இருப்பதிலேயே மோசமான ருசி அகழெலிக்குத்தான் என்று ஒரு காலம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு நீல ஈயைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டாராம்.

விளையாட்டுத்தனமாகத் தெரிந்தாலும் வேலையில் கெட்டிக்காரர். யார்க்ஷயரில் ஒரு குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அது கழுதைப்புலிகளின் குகை என்று நிரூபித்து, 1822-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கியவர்.

ஸ்டோன்ஸ்ஃபீல்டில் இருந்து கிடைத்த எலும்புகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். 1818-ல் பிரான்ஸிலிருந்து ஜார்ஜ் குவியே ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அழிந்துபோன உயிரினங்கள் உண்டு என்பதை உலகை ஏற்க வைத்தவர் இவர்தான். எலும்புகளைப் பார்த்த குவியே, இது பல்லி இனத்தைப் போன்ற ஒரு மாபெரும் ஊர்வன என்றார்.

இருந்தும் பக்லண்ட் உடனே எழுதவில்லை. ஆண்டுகள் ஓடின. 1822-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவரின் நூலில் மெகலோசாரஸ் என்ற பெயர் மட்டும் அச்சில் வந்துவிட்டது. (நடுக்குவாத நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அதே பார்க்கின்சன்தான்!) ஆனால் முறையான விளக்கம் இல்லாததால் அது கணக்கில் சேரவில்லை.

கடைசியில் 1824 பிப்ரவரி 20 அன்று, லண்டன் புவியியல் சங்கத்தின் கூட்டத்தில், அதன் தலைவர் என்ற முறையில் பக்லண்ட் எழுந்து மெகலோசாரஸை அறிவித்தார். அதே கூட்டத்தில் வில்லியம் கோனிபியர், கடல்வாழ் ஊர்வனவான பிளீசியோசாரஸின் முழு எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசினார். அதைத் தோண்டி எடுத்தவர் மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண். அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு அன்று இடம் கிடையாது.

மெகலோசாரஸ் கட்டுரையோடு வெளியான படங்களை வரைந்தவரும் ஒரு பெண்தான். அவர் பெயர் மேரி மோர்லண்ட். தொல்லுயிர் படங்கள் வரைவதில் தேர்ந்தவர். அடுத்த ஆண்டு, 1825-ல், பக்லண்ட் அவரைத் திருமணம் செய்துகொண்டார். எலும்பை நேரில் பார்க்க முடியாத ஐரோப்பிய அறிஞர்கள் எல்லோரும் மெகலோசாரஸைப் பார்த்தது மேரியின் கைவண்ணத்தில்தான்.

தாடை சொன்னது என்ன?

ஒரு தாடைத் துண்டு, சில முதுகெலும்புகள், இடுப்பு, தொடை என்று கொஞ்சம் எலும்புகள். அவையும் ஒரே விலங்கினுடையவை அல்ல. இதை வைத்து பக்லண்ட் எவ்வளவு சொன்னார் என்பதுதான் ஆச்சரியம்.

பற்கள் பின்பக்கமாக வளைந்திருந்தன. ஓரத்தில் ரம்பம் போன்ற நுண்ணிய பற்கள். கவ்விய இரை நழுவாது, சதை சுலபமாக அறுபடும். ஆகவே இது மாமிச பட்சிணி. பல்லிகளுக்குப் பற்கள் தாடையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கோ முதலையைப் போல் தனித்தனிக் குழிகளில் நின்றன. பழைய பல்லுக்குப் பக்கத்திலேயே புதிய பல் முளைத்துக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைக்கும் விலங்கு! இவை எல்லாம் இன்றும் சரி.

அளவில்தான் சறுக்கியது. தொடை எலும்பின் நீளத்தைப் பல்லியின் உடல் விகிதத்தோடு ஒப்பிட்டு, இந்த விலங்கு 40 அடிக்கு மேல் நீளம், 7 அடி உயரமுள்ள யானையின் பருமன் என்று கணக்குப் போட்டார்கள். பல்லிக்குக் கால் குட்டை, உடம்பு நீளம். மெகலோசாரஸோ நீண்ட பின்னங்கால்களால் நடந்த விலங்கு. தப்பான விகிதத்தில் பெருக்கினால் விடையும் தப்பாகத்தானே வரும்? இன்றைய மதிப்பீடு 6 முதல் 9 மீட்டர், அதாவது சுமார் 20 முதல் 30 அடிதான்.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதே ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கல்லில் சின்னஞ்சிறு பாலூட்டிகளின் தாடைகளும் கிடைத்திருந்தன. எலி அளவே இருந்த அந்த ஜீவன்கள் மெகலோசாரஸின் காலடியில் பயந்து பயந்து ஓடிக்கொண்டிருந்தவை. மனிதனும் பாலூட்டிதான். அரசனும் அகதியும் ஒரே கல்லில் புதைந்திருந்தார்கள். கடைசியில் யாருடைய சந்ததி யாருடைய எலும்பை ஆராய்ந்துகொண்டிருக்கிறது பாருங்கள்!

பெயர் வந்த பிறகு

1825-ல் கிடியன் மாண்டெல் என்ற மருத்துவர் இகுவானோடானையும், 1833-ல் ஹைலியோசாரஸையும் அறிவித்தார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் ரிச்சர்ட் ஓவன். மூன்றிலும் இடுப்போடு சேரும் முதுகெலும்புகள் ஒன்றாக இணைந்திருந்தன. கால்கள் பல்லியைப் போல் பக்கவாட்டில் விரியாமல், உடலுக்கு நேர் கீழே தூண் போல நின்றன. ஆக இவை பல்லிகள் அல்ல, தனி இனம். 1842-ல் அவர் அந்த இனத்துக்கு வைத்த பெயரில் இருந்துதான் 'டைனோசர்' என்ற சொல்லே பிறந்தது. அதாவது பக்லண்ட் மெகலோசாரஸை அறிவித்தபோது டைனோசர் என்ற வார்த்தையே கிடையாது!

அதன்பின் மெகலோசாரஸ் பிரபலமாகிவிட்டது. 1852-ல் தொடராக வெளிவரத் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலின் முதல் பத்தியிலேயே, சேறு நிறைந்த லண்டன் தெருவில் ஒரு மெகலோசாரஸ் நடந்து வந்தாலும் வியப்பில்லை என்ற கற்பனை வருகிறது. 1854-ல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி ஆளுயரத்தைவிடப் பெரிய டைனோசர் சிலைகளைச் செய்து நிறுத்தினார். ஓவன் இதற்கு ஆலோசகர். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அந்த மெகலோசாரஸ் எப்படி இருந்தது தெரியுமா? நான்கு காலில் நிற்கும் கரடி மாதிரி! போதாததற்கு முதுகில் ஒரு திமில் வேறு. வேறொரு டைனோசரின் உயரமான முதுகெலும்புகளை மெகலோசாரஸுடையவை என்று ஓவன் நினைத்ததால் வந்த வினை அது.

சில ஆண்டுகளிலேயே அந்த உருவம் ஆட்டம் கண்டது. 1858-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் விவரிக்கப்பட்ட ஹாட்ரோசாரஸுக்கு முன்கால் சிறியதாகவும் பின்கால் மிகப் பெரியதாகவும் இருந்தது. 1866-ல் அதே பகுதியில் கிடைத்த ஒரு மாமிச பட்சிணிக்கும் அப்படியே. 1860-களின் இறுதியில் தாமஸ் ஹக்ஸ்லி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, ஜான் பிலிப்ஸோடு சேர்ந்து மெகலோசாரஸ் எலும்புகளைத் திரும்பப் பார்த்தார். தோள் பகுதி எலும்பு என்று அதுவரை நினைத்திருந்த ஒன்று உண்மையில் இடுப்பெலும்பு என்று தெரிந்தது. அதுவும் பறவையின் இடுப்பைப் போன்றது! டைனோசர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவை ஹக்ஸ்லி வாதிட்டதற்கு இந்த எலும்புகளும் ஒரு காரணம். பறவைகளே டைனோசர் வம்சம்தான் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும். எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்ற கணக்கில் போட்டு வைப்பார்கள். விவரம் தெரிந்தபின் உரிய கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அது வீங்கிக்கொண்டே போகும். பேலன்ஸ் ஷீட்டின் மீது யாருக்கும் நம்பிக்கை வராது.

மெகலோசாரஸுக்கு நேர்ந்தது இதுதான். முதல் மாமிச டைனோசர் என்பதால், உலகின் எந்த மூலையில் கத்தி போன்ற பல் கிடைத்தாலும் 'இதுவும் மெகலோசாரஸ்தான்' என்று எழுதி வைத்தார்கள். மடகாஸ்கரில் கிடைத்து 1896-ல் பெயரிட்டது மெகலோசாரஸ். சஹாராவில் கிடைத்து 1925-ல் பெயரிட்டது மெகலோசாரஸ். அமெரிக்காவின் அரிசோனாவில் 1942-ல் தோண்டி எடுத்து 1954-ல் பெயரிட்டதும் மெகலோசாரஸ்! இப்படிச் சேர்ந்த இனங்கள் ஏராளம்.

பிறகு ஒவ்வொன்றாக உரிய கணக்குக்கு மாற்றினார்கள். மடகாஸ்கர் விலங்கு இன்று மஜுங்காசாரஸ். சஹாரா விலங்கு கார்கரோடோன்டோசாரஸ். அரிசோனா விலங்கின் தலையில் இரட்டைக் கொண்டை இருந்தது தெரிய வந்ததும், 1970-ல் அது டைலோஃபோசாரஸ் ஆனது. 'ஜூராசிக் பார்க்' படத்தில் விஷம் துப்புமே, அதுதான். (விஷமும் கழுத்து விசிறியும் சினிமாக்காரர்கள் சேர்த்தவை.)

கடைசியில் ரோஜர் பென்சன் என்ற ஆய்வாளர் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் எலும்புகளைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 2008-லும் 2010-லும் வெளியான அவரது ஆய்வுகளின்படி, அந்தப் பழைய தாடைக்கு வேறெந்த டைனோசருக்கும் இல்லாத தனி அடையாளங்கள் இருக்கின்றன. ஆகவே மெகலோசாரஸ் என்ற பெயர் நிலைக்கும். ஆனால் இங்கிலாந்தின் அந்த ஒரே ஒரு இனத்துக்கு மட்டும். அத்தனை பெரிய கணக்கைத் தணிக்கை செய்து முடித்தபோது மிஞ்சியது 1797-ல் 10 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வாங்கிய அதே தாடை!

மறுபடியும் ஒரு தொழிலாளி

எலும்புகளோடு கதை முடியவில்லை. 1997-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஆர்ட்லி கல்குவாரியில் டைனோசர் காலடித் தடங்கள் வெளிப்பட்டன. மெகலோசாரஸ் போன்ற ஒரு விலங்கு நடந்த தடமும் ஓடிய தடமும் அங்கே பதிந்திருந்தன. அடிகளுக்கு இடையேயான தூரத்தை வைத்து, நடக்கும்போது மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர், ஓடும்போது சுமார் 29 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள்.

பின்னர் அதே வட்டாரத்தில் டீவர்ஸ் ஃபார்ம் என்ற குவாரியில், இயந்திரத்தால் களிமண்ணை அள்ளிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிக்கு, தரையில் சீரான இடைவெளியில் மேடுகள் தட்டுப்பட்டன. ஏதோ மேடு என்று அவர் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். 2024 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து தோண்டினார்கள். சுமார் 200 காலடிகள்! ஒரு தடம் 150 மீட்டருக்கும் மேல் நீண்டது. ஐந்து தடவரிசைகளில் நான்கு பெரிய தாவர பட்சிணிகளுடையவை. ஐந்தாவது, மூன்று விரல்களோடு, 65 செ.மீ. நீளமுள்ள பாதம்... மெகலோசாரஸ்.

பக்லண்ட் மெகலோசாரஸை அறிவித்து 200 ஆண்டுகள் நிறைந்தது அதே 2024-ல்தான்.

அந்தத் தாடை இப்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் திமில் வைத்த நான்கு கால் மெகலோசாரஸும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. 2020-ல் அதன் முகம் உடைந்து விழுந்தபோது, 'தப்பான சிலைதானே' என்று யாரும் விட்டுவிடவில்லை. 2021-ல் புதிய தாடை செய்து பொருத்தினார்கள். தவறாக இருந்தாலும் அந்தக் காலத்து மனிதர்கள் தங்களுக்குக் கிடைத்த எலும்புகளை வைத்து நேர்மையாக யோசித்ததன் சாட்சி அது.

ராட்சத மனிதன் என்றார்கள், பல்லி என்றார்கள், கரடி போல் நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தவறைத் திருத்தியது அலமாரியில் பத்திரமாக இருந்த அதே எலும்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்த யாரோ ஒருவர்தான். ப்ளாட்டின் எலும்பு தொலைந்துவிட்டது, அதன் சந்தேகமும் தீரவில்லை. பக்லண்டின் தாடை பத்திரமாக இருந்தது, அதனால் 200 ஆண்டுகள் கழித்தும் அதனிடம் கேள்வி கேட்க முடிகிறது. அதைக் காப்பாற்றிய பெருமையில் ஒரு பங்கு, கூரைக்குக் கல் பிளக்கும்போது 'இது வேறு மாதிரி இருக்கிறதே' என்று எடுத்துத் தனியே வைத்த அந்தப் பெயர் தெரியாத தொழிலாளிக்கும் உண்டு.